மூட்டைகள் மேல் உட்கார்ந்த பேராசிரியர் ஜஹானாரா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் எத்திராஜ் அவர்களே, பேராசிரியரின் மகன் அர்ஷத் அவர்களே, வெள்ளானூர் ஏரிக்கரை வீடுகளிலிருந்து கனத்த மனத்தோடு வந்திருக்கும் அன்பர்களே! நான் ஆக்னஸ். பாசியியல் பேராசிரியர் ஜஹானாரா அம்மையாரோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவள்.

பாசி என்றால் வழுக்குகிற அழுக்கு என்றுதானே நினைத்திருந்தோம்? உலகத்தின் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி கடல் பாசிகள் தருவது என்று சொல்லிச் சொல்லி நம் நினைப்பை மாற்றியவர் அவர். அந்தப் பாசிகளிலேயே கொல்லும் பாசி எது என்பதும் அவருக்குத் தெரியும்.

சில கோடைகளுக்கு முன் நம் ஏரி பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் ஆனது. குடிக்க, ஏரித் தண்ணீர் ஊறும் கரையோரக் கிணற்றைத்தான் எல்லா வீடும் நம்பியிருந்தது. பாசியை ஒழிக்க எத்திராஜ் மினி லாரியில் மயில்துத்த மூட்டைகளோடு வந்தார். அம்மையார் லாரியில் ஏறி மூட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டார். இறங்கச் சொல்லிக் கூட்டம் கத்தியது. யாரோ கையைப் பிடித்து இழுத்ததில் மூக்குக்கண்ணாடி விழுந்து நொறுங்கியது. அவர் எழவில்லை.

“இன்னா மேடம், ஏரி நாறிக்கினு கீது, நாங்க பாத்துக்கினே இருக்கணுமா?” என்று கேட்டார் எத்திராஜ்.

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. “விஷம் இப்ப பாசிக்குள்ள இருக்கு. கொன்னீங்கன்னா அத்தனையும் தண்ணியில இறங்கிடும். அப்புறம் ஏரி தெளிஞ்சிடும். தெளிவா இருக்குன்னு நம்பித்தான் புள்ளைங்களுக்குக் குடுப்பீங்க. கொதிக்க வெச்சாலும் அந்த விஷம் போகாது.”

எத்திராஜ் டிரைவரிடம் லாரியைத் திருப்பச் சொன்னார். கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். கரையில் தண்ணீர் குடித்த, நம் ஆட்டுக்காரர் மதுரைவீரனின் ஆடுகள் அந்த வாரமே செத்து விழுந்தன. அதற்குப் பிறகு அம்மையாரை யார் எதிர்த்தோம்?

பாசிமேல் பழி போட அவர் விடவில்லை. அதற்குத் தீனி போட்டது நம் சாக்கடைதான் என்று கழிவுநீர்க் குழாயைத் தேடி அடைக்க வைத்தார். மழையில் ஏரி தேறியது. கிணற்றையும் திறந்தோம்.

போன வாரம் ஏரித் தண்ணீர் எடுத்து வந்தவர், ஆய்வக வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கையிலிருந்த பாட்டிலை என்னிடம் கொடுத்தார். அவரால் பேச முடியவில்லை; அன்றே உயிர் பிரிந்தது.

அந்தத் தண்ணீரை இங்கே வருவதற்குச் சற்று முன்தான் நுண்ணோக்கியில் பார்த்து முடித்தேன். அதே பாசி. மறுபடி வந்திருக்கிறது.

அம்மையாரே, இனி உங்கள் ஏரியை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும், அன்று அடைத்த கழிவுநீர்க் குழாய் எங்கே உடைந்தது என்று தேடப் போகிறேன், வருகிறவர்கள் வாருங்கள். மலரஞ்சலி காத்திருக்கட்டும். முதலில் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். கிணற்று மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள்.