ஜமால்தீன் காக்காவைக் கொண்டுபோன கொடி

கதிரை நிறைந்து கருணை வழியும் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! கடல் பார்த்தே கண் வெளுத்த பெரியோர்களே! திரைக்கு அப்பால் என் பொய்களை எடைபோடும் தாய்மார்களே! உங்கள் மீது இறைவனின் சாந்தி இறங்குவதாக. கிண்ணியாவில் ஒருவர்கூட நம்பாத கதையொன்றைச் சொல்வேன் என்று இந்த ஒலிவாங்கியைப் பிடித்து உறுதியளிக்கிறேன்.

எழுபத்து நாலாம் ஆண்டு. இறைநேசர் அடக்கத்தலத்துக் கந்தூரி விழாவுக்கு நாற்பது வருடம் கொடியேற்றியவர், ஊருக்கே அண்ணனான ஜமால்தீன் காக்கா. மார்க்கப் பிரசார ஜமாஅத்தோடு நாடு சுற்றித் திரும்பிய அவர் மகன் அன்ஸார், "கொடியும் நேர்ச்சையும் வேணாம் வாப்பா. தொழுதாலே காணும்" என்றார். இளைஞர்கள் அவரையே பள்ளிவாசலில் தொழுகை நடத்த வைத்தார்கள்.

"உனக்குப் பின்னால நான் தொழ ஏலாது!" என்றார் வாப்பா. எட்டு மாதம் ஒரே வீட்டில் பேச்சில்லை.

அவ்வாண்டு கொடிக்கு எவரும் பட்டுத் தரவில்லை. காக்கா கலங்கினாரா? கைவிட்டாரா? நாற்பது வருடமாய் ஊரார் நேர்ச்சையாகத் தந்த பச்சைப் பட்டுகளையெல்லாம் ஒன்றாய்த் தைத்தார்! அதன் நிழல் தம்பலகாமத்தில் விழ, பொழுது பட்டதென்று யானைகள் உறங்கப் போயின. என்ன அபூதாஹிர் மச்சான், சிரிக்கிறீங்க? யானையிட்டயே கேளுங்கோ!

கடலோடியல்லவா? கொடியைக் கப்பற்பாய் கட்டுவதுபோல் கட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். கச்சான் காற்று வீசியது. கொடி எழுந்தது, கயிறு எழுந்தது, காக்காவும் எழுந்தார்!

கீழே துறைமுகம் கனவில் கண்டதுபோல் மிதந்தது. கப்பல்கள் கண்மூடிக் கிடந்தன. பட்டின் மடிப்புகளிலிருந்து பழைய நேர்ச்சைகள் முணுமுணுத்தன: "பிள்ளை வேணும்... வள்ளம் திரும்ப வேணும்..." காக்கா அழுதுகொண்டே பறந்தார்.

பின்னேரத்து அஸர் தொழுகை வேளையில் காற்று ஓய்ந்தது, நடுக்குடாவில் விழுந்தார். வள்ளத்தில் விரைந்தார் அன்ஸார்.

"கையைத் தாங்கோ வாப்பா!"

"கொடிய விடமாட்டன்!"

"ஆர் விடச் சொன்ன? கொடியோட ஏறுங்கோ!"

தொழுகை நேரம் போய்க்கொண்டிருந்தது. வள்ளமெங்கும் மீன் இரத்தம், தொழச் சுத்தமான இடமில்லை. அன்ஸார் அந்தப் பச்சைக் கொடியைப் பிழிந்தார், உதறினார், விரித்தார்.

"இதிலயா, மகன்?"

"சுத்தமான துணிதானே, வாப்பா."

காக்கா அந்தத் துணியின் சுருக்கத்தைக் கையால் நீவினார். பிறகு, "அப்ப, நீ முன்னால இரு" என்றார்.

பொறுமையோடு கேட்ட சபையே, நன்றி! போய் வருகிறேன், ஸலாம்!

யார் அது, "எல்லாம் பொய்" என்பது? ஓம், பறந்தது பொய். யானை பொய். ஆனால் அந்தக் கொடி விரிந்தது மெய். வள்ளத்தில் தண்ணீர் இறைத்தவன் நான். அந்தக் கொடியின் ஓரத்தில் எனக்கும் தொழ இடம் கிடைத்தது.