விற்பதற்காகத் தெருவில் போட்ட நாற்காலிகள்

ரூத், வயது 72, கணவர் பெயர் ஏசுபாதம் (காலமாகிவிட்டார்), சர்ச் தெரு, புதுப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டம். காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பு இன்று விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது. என் ஒரே மகன் ஸ்டான்லி பொத்தேரியில் மனைவி, மகளோடு இருக்கிறான். ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. அவன் கொடுத்த புகாரின் பேரில் பக்கத்து வீட்டுப் பொன்னியை இன்று காலையிலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் செத்துவிட்டதாக வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்பது புகார். அவள் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் காண்டிராக்டில் பெருக்குகிற வேலை செய்கிறாள். கேஸ் விழுந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் இருந்தபோது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். அதற்காக, டவுன்ஷிப்பில் மாற்றலாகிப் போகிற ஆபீசர்கள் விற்றுவிட்டுப் போகும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தோம். ஒன்றுக்கொன்று ஜோடி சேராது. ஆனால் எல்லாம் நல்ல மரம். அவர் போன பிறகு கூட்டம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் உட்காராத நாற்காலியைத் தினமும் துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துப்போனது. விற்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

பழைய சாமான் எடுக்கும் கண்ணாயிரம் சனிக்கிழமை லோடு ஆட்டோவோடு வருவதாகச் சொன்னார். அன்று விடிந்ததும் நாற்காலிகளை நானே இழுத்து வந்து வாசலுக்கு முன்னால் தெருவில் இரண்டு வரிசையாகப் போட்டேன். நடுவில் பெஞ்சைப் போட்டேன். தூறல் விழுந்ததால், மரம் ஊறிவிடுமே என்று நீலத் தார்ப்பாயை ஜன்னல் கம்பிக்கும் முருங்கை மரத்துக்கும் இழுத்துக் கட்டினேன். எங்கள் பக்கம் காலையில் தார்ப்பாய் கட்டி நாற்காலியும் வரிசையாகப் போட்டிருந்தால் அது சாவு வீடு. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று அது என் புத்தியில் ஏறவில்லை.

அதன் பிறகு இடுப்பு வலித்ததால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஈ மொய்க்கிறதே என்று போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்தேன். வேலை முடிந்து வந்த பொன்னி, தார்ப்பாயைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மின்விசிறிதான் சத்தம் போடும். அதன் பிறகு அவள் என் மகனுக்குப் போன் செய்திருக்கிறாள். நாற்காலியை யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. தனக்கு முன்னால் வந்த யாரோ போட்டார்கள் என்று வந்தவரெல்லாம் நினைத்திருக்கிறார்கள். மகன் வந்துதான் கதவைத் திறக்க வேண்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சபை மணிச் சத்தத்தில் எழுந்தேன். சாவு மணி. கதவைத் திறந்தால் எல்லா நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"யாருப்பா செத்துப் பூட்டது?" என்று கேட்டேன்.

பொன்னி வீலென்று கத்தினாள். "ஐயோ ஆயா, நீதான் பூட்டே!"

"நான் பூட்டா உங்கிட்ட சொல்லாமயாடி பூடுவேன்?"

மணி அடித்துவிட்டு ஓடிவந்த உலகநாதன், "மணி அட்ச்சாச்சே, இப்ப இன்னா பண்றது?" என்றான். அடித்ததைக் கணக்கில் வைத்துக்கொள், அடுத்த வாட்டி அடிக்காதே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாலை வாங்கி வந்தவர்கள் அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. நான் டீ போட்டேன். டம்ளர் போதாமல் பொன்னி வீட்டிலிருந்து வாங்கினேன். நாற்காலியும் போதவில்லை.

அதன் பிறகு என் மகன் காரில் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே அவன் சொல்லியிருந்த ஐஸ் பெட்டி வண்டியும் வந்தது. அவன் கண் சிவந்திருந்தது. நான் ஒரு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டு, "உக்காருடா, டீ கீது" என்றேன்.

"அம்மா செத்துட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துகீறேன். திங்கக்கெழம போய் இன்னான்னு சொல்வேன்?" என்று கேட்டான். உட்காரவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. அங்கிருந்து நேராக இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறான்.

இதற்கு முன் எனக்குக் காய்ச்சல் என்று பொன்னி அவனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். அது பொய் இல்லை. அப்போது அவன் வரவில்லை. இதையும் எழுதச் சொல்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. அதையும் எழுதச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கண்ணாயிரம் வந்து பெஞ்சோடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது வீட்டில் துடைக்க ஒன்றும் இல்லை. உண்மையாக நடக்கும் அன்று நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

பொன்னி மேல் கேஸ் போட்டால் இனி அவள் என் விஷயமாக யாருக்கும் போன் செய்ய மாட்டாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவில் மற்றவர்களும் செய்யப் பயப்படுவார்கள். அந்த நாளில் என் மகனுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகையால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அவள் கூப்பிட்டால் நம்பி வரும்படி என் மகனுக்கும் போலீஸ் மூலமாகச் சொல்லவேண்டும்.

கைநாட்டு வைக்க மைப் பெட்டி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். படித்துக் காட்டவும் வேண்டாம் என்று நானே வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
ஏ. ரூத்