மூன்று ஓட்டம், ஒரு நிறுத்தம்

பிற்பகல் இரண்டு மணி. ஆம், பிற்பகல்தான். பேய் நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று எவன் சட்டம் எழுதி வைத்தான்? ஊருக்கு வெளியே ஒரு புறவழிச்சாலை. இருபுறமும் பொட்டல். அரை மணிக்கு ஒரு லாரி... அதுவும் நிற்காமல் போகும். அந்தச் சாலையோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கார்ப் பட்டறை.

மின்சாரம் வரும்போது வரட்டும். நெருங்கி உட்காருங்கள். சற்றுமுன் இந்தக் கீழ்த்தளத்தில் வந்து நின்ற கார், அணைத்த பிறகும் உர்ரென்று ஓடியது அல்லவா? அது எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி. சூடு தணியும்வரை ஓடும். தணிந்ததும் தானே நிற்கும். அதில் அஞ்ச ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது வேறொரு விசிறியைப் பற்றி.

பட்டறைக்காரர் என் சம்பந்தியின் தம்பி. ‘வரிசை’ என்றால்தான் ஊரில் தெரியும். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வைக்கும் மனிதர். பொய் சொல்ல மாட்டார். சொல்வதற்கு வேண்டிய கற்பனையும் அவருக்குக் கிடையாது. நடந்ததை அவரிடம் ஒருமுறை கேட்டேன். அவருடைய மனைவியிடம் தனியாக ஒருமுறை கேட்டேன். இரண்டும் ஒத்திருந்தன... ஓரிடம் நீங்கலாக. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

காரைக் கொண்டுவந்தவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. பழைய காராக வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“அண்ணே, அணைச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள போனா, கொஞ்ச நேரத்துல ஃபேன் ஓடுது. மூணு தடவ ஓடும், நிக்கும். மறுபடி மூணு தடவ. காலையில பாத்தா பேட்டரி செத்துக் கெடக்கு.”

“எஞ்சின் சூடா இருக்கும்போதா?”

“ராத்திரி பூரா நின்ன வண்டிண்ணே. தொட்டா ஜில்லுன்னு இருக்கு, அப்பவும் ஓடுது. என் பொண்டாட்டி சொல்றா, வண்டி யாரையோ கூப்பிடற மாதிரி இருக்காம்.”

“கூப்பிட்டா போய் என்னன்னு கேக்க வேண்டியதுதானே?” என்று வரிசை சிரித்திருக்கிறார்.

என்ன, மூன்றாம் மாடி டிரைவரே? “ரிலே ஒட்டிக்கிட்டிருக்கும் சார்” என்கிறீர்களா? கேள்வி முடிவதற்குள் விடை எழுதும் இந்தப் பழக்கத்தை முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பில் கண்டித்தும் என்னால் ஒழிக்க முடியவில்லை! ரிலே என்பது விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். அதைத்தான் அவர் முதல் நாளே மாற்றினார். மறுநாள், சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினார். அதற்கடுத்த நாள் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ரேடியேட்டரில் நீர் சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பட்டறையைச் சாத்தும் வேளையில், பூட்டி நிற்கும் காரில்... உர்ர். உர்ர். உர்ர். ஒரு நிறுத்தம். மீண்டும் மூன்று.

ஆறு நாளும் இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் இதையே புலம்பினார். “அந்தச் சனியன் மூணு தடவ ஓடி நிக்குதுடி, என்னன்னே புரியல.” இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருந்தார். காரின் பின் கதவில், உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. யாரோ இழுத்து, இழுத்து, இழுத்து உடைத்ததுபோல. பழைய கார்... அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்.

ஏழாம் நாள், பிற்பகல் இரண்டு மணி. விசிறிக்கு எங்கிருந்து ஆணை வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவது என முடிவு செய்தார். அதற்கு ஸ்கேனர் இருக்கிறது. காரின் கணினியோடு பேசும் சிறிய பெட்டி. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரால் மாட்டுவார்கள். எந்தப் பகுதி விசிறியை ஓட்டுகிறது என்று அதன் திரை காட்டும். விரலால் தொட்டு, அதிலிருந்தே விசிறியை ஓட்டவும் செய்யலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனால் ஓர் இடைஞ்சல். வண்டியைப் பூட்டினால்தான் விசிறி அந்த வேலையைக் காட்டும். சாவி பக்கத்தில் இருந்தாலும் காட்டாது. ஆகவே ஒருவர் ஸ்கேனரோடு உள்ளே இருக்க வேண்டும். மற்றொருவர் வெளியே பூட்டிச் சாவியோடு தள்ளிப் போய்விட வேண்டும்.

வரிசை எஞ்சினின் மேல்மூடியான பானெட்டைத் திறந்து நிறுத்தினார். ஒன்றோடொன்று குழம்பக் கூடாது என்று ஹாரனுடைய ஃபியூஸ், ஜன்னலுடைய ஃபியூஸ், விளக்குடைய ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே துணியில் வரிசையாக வைத்தார். கருவிகளையும் வரிசையாக வைத்தார். கைப்பேசியையும் அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

“பூட்டிட்டு அந்த மைல்கல் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. பத்து நிமிஷம்.”

“உள்ள புழுங்குமேண்ணே?”

“பத்து நிமிஷத்துல அவிஞ்சா போயிடுவேன்? போங்க.”

க்ளக். க்ளக். சாவி இரண்டு முறை திரும்பியது.

அந்தக் காரை வெளியிலிருந்து இருமுறை திருகிப் பூட்டினால், உள்ளிருந்து திறக்கவே முடியாது. திருடனுக்கு எதிரான பாதுகாப்பாம்! கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் கைப்பிடி வேலை செய்யாதாம். உள்ளே ஒரு மனிதன் இருந்தால் என்ன செய்வான்? அதை வடிவமைத்த மேதைகளில் ஒருவனுக்கும் இந்தக் கேள்வி எழவில்லை.

மருந்துக்காரர் மைல்கல்வரை நடந்தார். அங்கே அவருடைய மேலாளர் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். ஒரு பேருந்து வந்தது. ஏறிவிட்டார்... சாவி சட்டைப் பையில். ஓர் உயிரைப் பூட்டிவிட்டு மறந்தவர் பிற்பாடு சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: “நீங்க எப்படியும் வெளிய வந்திருப்பீங்கன்னு நெனச்சேண்ணே.” எப்படி வருவார்? ஆவியாகவா?

பத்து நிமிடம். இருபது நிமிடம். மேலே தகரம் வெயிலில் டிக்... டிக்... என்று விரிந்தது. காரினுள் சூடேறிய ரெக்சின் வாடை. அதற்கடியில், நாள்பட்ட வியர்வையின் வாடை... தன்னுடையது அன்று என்கிறார். தம் வியர்வை தமக்குத் தெரியாதா என்று கேட்கிறார்.

அப்போது விசிறி ஓடியது. உர்ர். உர்ர். உர்ர். நின்றது.

திரையைப் பார்த்தார். விசிறிக்கு ஆணை தந்த இடம் தெளிவாக எழுதியிருந்தது. சென்சார் அன்று. எஞ்சின் அன்று. ஸ்கேனர். உள்ளே உட்கார்ந்து ஒருவர் திரையைத் தொட்டு விசிறியை ஓட்டுகிறார் என்று பொருள். வரிசை தம் கைகளைப் பார்த்தார். இரண்டும் முழங்கால்மேல் இருந்தன.

ஸ்கேனர் பழுது என்றுதான் முதலில் எண்ணினார். திறந்துகொண்டு வெளியே போகலாம் என்று கைப்பிடியை இழுத்தார். தளர்ந்து வந்தது, கதவு வரவில்லை. மற்ற கதவுகளும் அப்படியே. ஹாரனை அழுத்தினார். ஃபியூஸ் வெளியே துணியில் இருந்தது. கண்ணாடியை உதைத்தார். காரின் கண்ணாடி ரப்பர்ச் செருப்புக்கு உடைவதெல்லாம் சினிமாவில். கத்தினார். பொட்டலில் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் சொட்டியது. பிறகு சொட்டவும் இல்லை.

அந்தக் காரில் வெளியே சத்தம் எழுப்பக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். திரையைத் தொட்டார். விசிறி ஓடியது. சும்மா ஓடினால் ஏதோ வண்டி என்று போய்விடுவார்கள்... விட்டு விட்டு ஓட்டினால், ஆள் இருப்பது புரியலாம். மூன்று முறை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி மூன்று முறை.

மூன்றாவது நிறுத்தத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஆறு நாளாகத் தாம் சரி செய்யப் பார்த்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றரை மணிக்கு அவருடைய மனைவி வந்தார். இரண்டு மணியிலிருந்து அழைத்தும் எடுக்காததால் பேருந்து பிடித்து வந்திருந்தார். தூக்கி நின்ற பானெட்டுக்கு அடியிலிருந்த இடைவெளியில் வரிசைக்கு அவருடைய செருப்பு தெரிந்தது; சேலையின் கரை தெரிந்தது. பத்தடி தூரம். பானெட் மறைத்ததால் மனைவிக்குத்தான் உள்ளே இருப்பது தெரியவில்லை. வெறி பிடித்ததுபோல விசிறியை ஓட்டினார். மூன்று... நிறுத்தம். மூன்று... நிறுத்தம்.

அம்மையார் காதில் விழுந்தது. என்ன செய்தார் தெரியுமா? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுதானா அந்தச் சனியன்? சோறு தண்ணி இல்லாம இதோட குடும்பம் நடத்தறாரு மனுஷன். ஃபோனையும் போட்டுட்டு எந்தக் கடைக்குப் போனாரோ!”

ஆறு நாள் கேட்டுப் பழகிய கோளாறு அல்லவா? கோளாறு ஓடுகிறது, கணவர் வெளியே போயிருக்கிறார். முடிந்தது.

வரிசை கண்ணாடியில் அறைந்தார். விசிறியின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. நிறுத்திவிட்டு அறைவோம் என்று ஸ்கேனரின் ஒயரையே பிடுங்கி எறிந்தார்.

விசிறி நிற்கவில்லை.

உர்ர். உர்ர். உர்ர். திரை இருண்டு கிடக்கிறது... உர்ர். உர்ர். உர்ர். நடுவில் நான்கே நொடி அமைதி. அந்த நான்கு நொடிக்குக் காத்திருந்தார். அறைந்தார். டொக், டொக், டொக். விசிறி ஓடி நிற்கும்வரை மூச்சைச் சேர்த்தார். அடுத்த அமைதியில் டொக், டொக், டொக். எத்தனை முறை என்று அவருக்கு நினைவில்லை. கண் இருட்டிக்கொண்டு வரும்போது செருப்பு நகர்ந்தது.

ஜாக்கி லீவரால் முன் கதவுக் கண்ணாடியை அந்த அம்மையார்தான் உடைத்தார். கணவரை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டார். முகத்தில் தண்ணீரை அடித்தார். விசிறி நின்றிருந்தது. இதுவரை இருவர் சொன்னதும் ஒன்றுதான்.

வேறுபட்டது இங்கேதான். அம்மையார் மறுபடி லீவரை எடுத்துக்கொண்டு ஓடிப் பின் கதவுக் கண்ணாடியையும் நொறுக்கினார்.

“அத ஏன்டி உடைக்கிற?” என்று தரையில் கிடந்தபடி வரிசை கேட்டார்.

“உள்ள இன்னொருத்தர் தட்டறாரே! நீங்க முன்னாடி தட்டும்போதெல்லாம் பின்னாடியும் தட்டினாரே... யாருங்க அது?”

பின் இருக்கையில் கண்ணாடித் துண்டுகள் மட்டும் கிடந்தன.

இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி, மறுநாள் காரைத் திருப்பிக் கொடுத்தார். “வித்துடுங்க” என்று மட்டும் சொன்னார். மருந்துக்காரர் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார். அதிலிருந்து எட்டாம் நாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணே, உங்க கைக்கு வைரக் காப்புதான் போடணும்! ஃபேன் அப்புறம் ஓடவே இல்ல. இப்ப ஒரு சின்ன விஷயம்... பூட்டின பிறகு, பின் கதவுல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். மூணு தடவ. அப்புறம் நிக்குது.”

அதன் பொருளை வரிசை என்னிடம் இப்படிச் சொன்னார்: “அதுக்கு ஃபேன மட்டுந்தான் சார் தெரிஞ்சிருந்துச்சு. தட்டறதுக்கு நான்தான் கத்துக் குடுத்திருக்கேன்.”

மறுமுனையில் மருந்துக்காரர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாராம்.

“நாளைக்கு மத்தியானம் கொண்டு வரேண்ணே. அன்னைக்கு மாதிரியே நீங்க உள்ள உக்காந்து பாத்துடுங்க... பூட்டறதுக்கு நான் இருக்கேன்.”