சுல்தானின் வியாழக்கிழமை

காதியார், முயலை ஒருபோதும் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். வயிற்றோடு அணைத்துக்கொண்டால் சத்தமில்லாமல் இருக்கும். கிழட்டு முயல் என்றால் இன்னும் பக்குவம் வேண்டும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேண்டுமென்றே கலியாணத்தைத் தடுத்தேன் என்று என் மகள் நிஸ்றா உங்கள் காதி நீதிமன்றத்தில் தந்த மனுவில் எழுதியிருக்கிறாள். பெற்ற மகளைக் கெடுக்க நினைக்கிறவன் முயல் தூக்கப் பழகுவானா?

காத்தான்குடியில் முப்பது வருடமாகப் புடவைக்கடை வைத்திருப்பவன் நான். முனாப் என்றால் தெரியாதவர் குறைவு. வாசலில் ஏறிய ஆளிடம் "இல்லை" என்று நான் சொன்னதே கிடையாது. கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டாலும், "கொஞ்சம் இரிங்க, பாப்பம்" என்று சொல்லி ஒரு பிளேன் டீ குடிக்க வைத்தால், அவர் வேறு நிறத்தோடு வீட்டுக்குப் போவார். மகள் றமீஸைக் காட்டி இவரைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று சொன்னபோதும் நான் மறுக்கவில்லை. பாப்பம் என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாக்குமூலம் எழுதுகிறவர் கொழும்பு ஆள் போலத் தெரிகிறது, அவருக்காகச் சொல்கிறேன். மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் எழும்பிப் பின்வளவுக்குப் போக வேண்டும். என் வீடு மேல்மாடி வைத்தது. மேலே நின்றால் வாவி தெரியும், காலையில் தோணிகள் தெரியும். பின்வளவில் இருப்பது ஒற்றை அறை, தகரச் சீற்றுக் கூரை, ஒரு யன்னல். அது வாவிப் பக்கம்கூட இல்லை, அடுத்த வீட்டு மதில் பக்கம்.

அந்த அறையில்தான் சுல்தான் இருந்தான். நிஸ்றாவுக்குப் பதினேழு வயதில் வாங்கிய முயல். வெள்ளை உடம்பு, முதுகில் ஒரு மண்ணிறத் திட்டு. போன வருடம் அவனுக்குப் பத்து முடிந்தது. முயலுக்குப் பத்து என்றால் நமக்கு எண்பதுக்கு மேல் என்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாள் குறித்த அதே கிழமை, நிஸ்றா அவனுடைய தாடைக்குக் கீழே ஒரு கட்டியைக் கண்டாள். கச்சான் கடலைப் பருப்பு அளவு இருந்தது. அதை வைத்தது நான் அல்ல. அல்லாஹ் வைத்தான்.

நிஸ்றா ஓட்டமாவடிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடியப் போனால் பின்னேரம்தான் வருவாள். ஆகவே சுல்தானைப் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கல்லடியில் தனியாகப் பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவர் இருக்கிறார், நிதுர்ஷன் என்ற பிள்ளை. கூடையில் வைத்து அவரிடம் கொண்டு போனேன். அவர் கட்டியை அமர்த்திப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"ஹாஜியார், பல்லுல தொடங்கின சீழ்க்கட்டியா இருக்கலாம். அப்பிடியெண்டா திறந்து கழுவி, மருந்து குடுத்தா ரெண்டு மூணு கிழமையில சரி. வேற ஏதுமாவும் இருக்கலாம். ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வியாழக்கிழமை கொண்டு வாங்க."

"அப்ப என்னெண்டு இப்ப தெரியாது?"

"இப்ப தெரியாது."

அவர் தந்ததில் அந்தக் கடைசி இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "டொக்டருக்கே தெரியாதாம்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கடையில் ஒரு சீலையைக் காட்டும்போது பூ இருக்கிற பக்கத்தைத்தான் விரிப்போம். கறை இருக்கிற பக்கத்தை மடித்து வைப்பது தொழில்.

வியாழக்கிழமை வந்தது. சுல்தானைக் கூடையில் வைத்துக் கல்லடிக்குப் போகிறேன் என்று சொன்னேன், கல்லடிக்குத்தான் போனேன். கடற்கரையில் ஓட்டோவை நிறுத்தி, கூடையைத் திறந்து, அவனுக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டினேன். அவன் மூக்கை ஆட்டி ஆட்டிக் கடலைப் பார்த்தான். ஒரு கரட்டைத் தின்றோம், அவன் பாதி, நான் பாதி. பிறகு திரும்பி வந்தோம். மாதம் ஒரு தடவை அப்படிப் போய் வருவோம். வைத்தியர் வீட்டு வாசலை அதன் பிறகு நாங்கள் மிதிக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: கட்டி வளருதா? நான் கடையில் இருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு, என் மனைவி நஸீபாவையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தேன். துணி அளக்கிறவன் பெருவிரலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாடாவுக்கும் சாமானுக்கும் நடுவில் விரலைக் கொஞ்சம் விட்டால் கூடும், எடுத்தால் குறையும். பார்க்கிறவர் இலக்கத்தைத்தான் பார்ப்பார், விரலைப் பார்க்க மாட்டார். முதல் வெள்ளி ஒரு அங்குலம். நிக்காஹ்வுக்கு முந்திய வெள்ளி ஒன்றரை.

"இந்த நெலமையில அவன எப்பிடி வாப்பா இடம் மாத்துற?" என்று நிஸ்றாவே கேட்டாள்.

"அலைச்சல் ஆகாதாம் மகள். நாங்க பின்னுக்குப் போறதெண்டா அவன வெளியாக்கோணும். என்ன செய்ற?"

நிக்காஹ் நாள் டிசம்பர் விடுமுறைக்குப் போனது. அடுத்த வெள்ளி கட்டியை ஒன்றேகாலுக்கு இறக்கினேன். விலை ஏறிக்கொண்டே போனால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும், இடைக்கிடை ஒரு கழிவு கொடுக்க வேண்டும். டிசம்பர் நெருங்க ஒன்றேமுக்கால். நாள் நோன்புக்கு முந்திய மாதத்துக்குப் போனது. அப்போது இரண்டு.

உண்மையில் அந்தக் கட்டி நெடுநாள் வளரவே இல்லை. கச்சான் பருப்பாகவே இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இடையில் றமீஸ் வந்தார். நல்ல பிள்ளை, நீர்ப்பாசன வேலையில் இருக்கிறார். மேல்மாடியில் என் முன்னால் கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"மாமா, எங்களுக்கு இந்த வீடு வேணாம். நீங்க இங்கயே இரிங்க. நானும் நிஸ்றாவும் பின்வளவு அறையில இரிக்கம், சுல்தானோட."

எதுவுமே கேட்காத மனிதனோடு பேரம் பேசுவதுதான் உலகத்தில் ஆகக் கஷ்டம். எதில் இருந்து குறைப்பது?

"தம்பி, ஊர் என்னெண்டு கதைக்கும்? முனாப் ஹாஜியார் மாப்பிள்ளைய முயல் கூட்டுல வெச்சிரிக்கார் எண்டு கதைக்கும். கடையில எனக்கு யாவாரம் நடக்குமா?"

"அப்ப ஒரு வாடகை வீட்டுக்குப் போறம்."

"அது இதவிட மோசம். பொண்ணுக்கு வீடில்ல எண்டு கதைக்கும்."

அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். எனக்கும் கவலைதான். வழக்கத்தை மாற்ற நான் யார்?

இனிச் சுல்தானின் மௌத்தைப் பற்றி. நோன்பு தொடங்க இரண்டு கிழமை இருக்கையில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். வல்லாரை கொடுத்தேன், வாவிக்கரையில் அறுகம்புல் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தேன். வாயில் வைப்பான், மெல்ல மாட்டான், அப்படியே என்னைப் பார்ப்பான். கட்டி அப்போதுதான் உண்மையாக வளரத் தொடங்கியிருந்தது. பெருவிரல் தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், மதில் பக்கம் தலை வைத்து மூச்சில்லாமல் கிடந்தான். நஸீபா அவளுடைய உடன்பிறந்த ராத்தா வீட்டுக்கும், மகள் பயிற்சி வகுப்புக்கும் போயிருந்தார்கள். புதுப் பொப்ளின் துணியில் சுற்றி, தேசிமரத்துக்குக் கீழே அடக்கம் செய்தேன். கடையில் உள்ளதில் நல்ல துணி அது.

பிறகு சித்தாண்டிக்குப் போனேன். அங்கே சீனித்தம்பி என்று ஒரு வெள்ளாமைக்காரர் முயலும் வளர்க்கிறார்.

"குட்டியா எடுங்களன் ஹாஜியார், கிழடு என்னத்துக்கு?"

"எனக்குக் கிழடுதான் வேணும். வெள்ளை, முதுகுல மண்ணிறம்."

"இந்தா இது இரிக்கி. ஆனா மூணு வயசு."

"களைச்ச மாதிரி ஒண்டு இல்லையா?"

"என்ட முயல் களைக்காது ஹாஜியார். வேணுமெண்டா நீங்க கொண்டு போய்க் களைக்க வையுங்க."

அதைக் கேட்ட விலைக்கு வாங்கினேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான். எல்லாம் தெரியவந்த பிறகு நஸீபா அழுததும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த முயலில் ஒரு குறை இருந்தது. கட்டி இல்லை. பின்னேரம் மகள் வந்து தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

"வாப்பா, கட்டியக் காணல்ல."

"உள்ளுக்குப் போயித்து மகள். வெளிய இரிக்கக்குள்ள பயமில்ல. உள்ளுக்குப் போனாத்தான் பயமாம்."

"இவன் பாயுறானே."

"கடைசி நேரத்துல அப்பிடித்தான் பாயுமாம்."

அவள் முயலை ஒழுங்காகத் தூக்கி, நெஞ்சுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, வயிற்றோடு வைத்துக்கொண்டு நின்றாள். "ஓம் வாப்பா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் கூடையை எடுத்துக்கொண்டு அவளே கல்லடிக்குப் போனாள். முயலுக்கு மூன்று வயது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பழைய முயலை அந்த வியாழக்கிழமை ஏன் கொண்டுவரவில்லை என்று அவளிடமே கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவள், சுல்தான் எங்கே என்று கேட்டாள். தேசிமரத்தைக் காட்டினேன். அங்கே போய் நின்றாள். அதற்கடுத்த நாள் உங்களிடம் வந்தாள்.

ஏன் என்று கேட்டீர்கள். மேல்மாடியை விட மனமில்லை, வாவியைப் பார்க்க ஆசை என்று சொன்னால் நீங்கள் எழுதிவிட்டு எழும்பலாம். அதுவும் உண்மைதான். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். நான் வந்த அன்று நஸீபாவின் வாப்பா, என் மாமா அஹமட், பாயையும் தண்ணீர்ச் செம்பையும் தூக்கிக்கொண்டு அந்தப் பின்வளவு அறைக்குப் போனார். நாலு வருடம் இருந்து, அங்கேயே மௌத்தானார். மூன்றாவது வருடம் அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ஊசி போட்டுப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த வியாழன் எங்களுக்கு மேல்மாடிக்குக் கொங்கிறீற் போடுகிற நாள். கலந்த கொங்கிறீற் நிற்காது, மாமா நிற்பார். "பாப்பம் மாமா" என்றேன். "பரவால்ல மருமகன், வேலையப் பாருங்க" என்றார். நஸீபாவிடம், ஆஸ்பத்திரியில் தெரியாதாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வாசலில் நின்று, எப்படி மாமா என்று கேட்பேன். அவரும் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அவரை நான் நன்றாகக் கவனித்தேன் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நேற்றுப் பின்னேரம் நிஸ்றா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் இருந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"காதியார் என்ன முடிவு சொன்னாலும் யோசிக்காதீங்க வாப்பா. அறைக்கு வெள்ளையடிச்சி வெச்சிரிக்கன். உங்கள நான்தான் பாப்பன். சுல்தான நீங்க பாத்த மாதிரியே பாப்பன்."

நல்ல பிள்ளை. அன்பாகத்தான் சொல்லியிருப்பாள். நான் சுல்தானை எவ்வளவு நன்றாகப் பார்த்தேன் என்றுதானே இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொன்னேன்.

ஆகவே எனக்கு ஆட்சேபனை இல்லை. வீட்டை எழுதிக் கொடுக்கிறேன், நிக்காஹ்வுக்கும் பெண்ணின் தகப்பனாக நானே வந்து ஒப்பம் வைக்கிறேன். ஒரே ஒரு வரி மட்டும் கீழே சேர்த்து, இரண்டு சாட்சியும் வைத்துத் தாருங்கள். என் உடம்பில் எங்கேயாவது ஒரு கட்டி கண்டால், ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை என்று சொன்னால், அந்த வியாழக்கிழமையே என்னைக் கொண்டு போக வேண்டும் என்று.