வியாழக்கிழமைச் சாலை

கெலாவேஜ்: அந்தக் கம்பளிச் சட்டையை ஏன் பெட்டியில வைக்கிறே? எடு வெளியே.

இலோனா: அத்தை, இதோட மூணு தடவை எடுத்துப் போட்டுட்டீங்க. பதினொரு மணிக்கு வண்டி வந்துடும்.

கெலாவேஜ்: வந்து நிக்கட்டுமே! கத்தரிக்காய்க்குள்ள அரிசி அடைச்ச டோல்மா இன்னும் வேகலை. என் வீட்டுல இருந்து யாரும் வெறும் வயித்தோட விமானம் ஏறினதில்லை.

இலோனா: பசியே இல்லை... கோவம்தான் வருது. ஈராக்குக்கு வந்து ஏழு வருஷம், அத்தை! இதே சுலைமானியாவுல, இதே உங்க மாடியில. வியாழக்கிழமை தவறாம மலைக்குப் போய்ப் பிரசவம் பார்த்தேன். 'உடனே நாடு திரும்பவும்'னு ஒத்தைத் தாள்ல எழுதிட்டாங்க.

கெலாவேஜ்: எவன் எழுதினது? உங்க தொண்டு நிறுவன ஆபீஸ் பாதுகாப்பு அதிகாரியா?

இலோனா: அவரேதான். எர்பில் நகரத்துல சிமெண்டுச் சுவருக்குள்ள உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர். பென்ஜ்வீன் மலைப்பாதையை அவர் கண்ணால கூடப் பார்த்ததில்லை. ஆபத்தான இடம்னு வரைபடத்துல சிவப்பு மை பூசி வச்சிருக்கார்.

கெலாவேஜ்: சிவப்பு மையா? என் தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு! தினமும் மாடு கறக்குறா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. அவ எந்த நாட்டுக்குத் திரும்பணுமாம்?

இலோனா: அதையேதான் நானும் கேட்டேன். அடுத்த வாரம் அந்த மலையில ஷிலானுக்குப் பிரசவத் தேதி. ரெட்டைப் பிள்ளை. யாரு பார்ப்பாங்க? மை பூசினவரா?

கெலாவேஜ்: தூ! அந்தக் காப்பி அவன் தொண்டையில நிக்க!

இலோனா: அவரைக்கூட விடுங்க. ஆபீஸ் வண்டியை விட்டுட்டு நான் வாடகை வண்டியில போறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க.

கெலாவேஜ்: ...அடிப்பிடிக்கிற வாசனை வருதே. போய்ப் பார்த்துட்டு...

இலோனா: ஒண்ணும் வரலை. உட்காருங்க. யாருக்கெல்லாம் தெரியும்? டிரைவர் ஹமாவுக்குத் தெரியும்.

கெலாவேஜ்: சேச்சே, அவன் வாயில்லாப் பூச்சி.

இலோனா: சோதனைச்சாவடியில உங்க அக்கா மகன் ரேபின்...

கெலாவேஜ்: அந்தக் கழுதையா? போன வாரம் அந்த மலைப்பாதை வளைவுல வானத்துல இருந்து குண்டு விழுந்து ஒரு வண்டி எரிஞ்சுதே, அன்னிக்கே அவன்கிட்ட சொன்னேன். 'இனிமே என் மாடிப்பொண்ணு வந்தா ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்து வண்டியைத் திருப்பி விடுடா'ன்னு. கேட்டானா? 'மருத்துவச்சியை மறிச்சா மலைக்காரங்க என் காலை ஒடிப்பாங்க, சித்தி'ங்கிறான்!

இலோனா: ஓஹோ... ரேபின்கிட்ட சொன்னீங்களா?

கெலாவேஜ்: சொன்னேன். என்ன தப்பு? இங்க அப்படித்தான். சாவடிக்காரன் காதுல ஒரு வார்த்தை போட்டா வண்டி திரும்பிடும். யாரும் எழுதி வைக்கிறதில்லை.

இலோனா: ரேபின் கேட்கலை. அப்புறம்?

கெலாவேஜ்: அப்புறம் என்ன... கத்தரிக்காயைக் குடைஞ்சேன்.

இலோனா: அத்தை...

கெலாவேஜ்: அந்த எர்பில்காரனும் ஒரு சாவடிக்காரன்தானேன்னு நினைச்சேன்டி! உன்னைக் கூப்பிட்டு ரெண்டு திட்டு திட்டுவான், பாதை அடங்குற வரைக்கும் நீ வீட்டுல கிடப்பேன்னு... அவன் தாளை எடுப்பான்னு கண்டேனா? ஒருத்தி பயந்துபோய் போன் பண்ணினா, அதை எழுதி வச்சு ஊரைவிட்டே துரத்துவானா? இவன்லாம் ஒரு மனுஷனா?

இலோனா: பேரு கேட்டாரா?

கெலாவேஜ்: நான் சொல்லலை. 'அவங்களுக்கு நீங்க என்ன உறவு?'ன்னு அதட்டினான். வீட்டுச் சொந்தக்காரின்னு சொன்னா போனை வச்சுடுவான்... வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ஷிலானை நாளைக்கே இங்க கூட்டிட்டு வந்துடுறேன். ஆஸ்பத்திரி பக்கத்துலதானே... நீ திட்டு, என் செல்லமே, என் ஈரக்குலையே. கத்து. ஏன்டி சிரிக்கிறே?

இலோனா: எனக்கு நேத்தே தெரியும். தாள்லயே இருக்கு, 'தகவல் தந்தவர்: தாயார்'னு. 'உங்கம்மா புடாபெஸ்ட்ல செத்து ஒன்பது வருஷமாச்சே, இது யாரு? பொய்த் தகவல்னு அந்த நம்பர் மேல போலீஸ்ல புகார் எழுதிக் கொடுங்க, நீங்க இங்கேயே இருக்கலாம்'னார் அந்த அதிகாரி. 'அது எங்கம்மாதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்... டோல்மாவை எடுத்து வைங்கம்மா, பசிக்குது.