ஸ்டியரிங் அடைக்கலராஜின் பக்கத்து சீட்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை ஜெபராஜ் அடிகளார் அவர்களே, கார் மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் ரெங்கராஜ் அவர்களே, முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அடைக்கலராஜின் மகள் பிரான்சியே, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் ஆனந்தவள்ளி டீச்சர் அவர்களே, பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம். நான் சகாயநாதன். இதே காட்டூரில் அடைக்கலராஜின் பட்டறையில் பதின்மூன்று வருஷம் அவரோடு வேலை செய்தவன். கடைசி ஒன்பது வருஷம் சாலைக்கு எதிர்ப்பக்கம் தனிக்கடை வைத்திருந்தவன்.

அவர் இறந்து இன்றோடு முப்பது நாள். அன்று காலை பத்து மணி வரை அவர் கடை ஷட்டர் ஏறவில்லை. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போய்த் தட்டவில்லை. பிறகு பால்காரர்தான் தட்டினார்.

இப்போது அவரைப் பாராட்ட வந்திருக்கிறோம். நல்லது! இந்த மண்டபத்தில் இன்று நூறு பேர் இருக்கிறோம். அவர் உயிரோடு இருந்தபோது டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார இத்தனை பேரில் ஒருவர் வந்தோமா? கோபப்படாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்த புதிதில் நமக்கெல்லாம் ஒன்றும் புரியவில்லை. ஆயில் பம்ப்பும் பெல்ட்டும் உள்ள ஸ்டியரிங்கைத்தான் நாம் அறிவோம். ஆயில் இல்லாத ஸ்டியரிங்கை எங்கே திறப்பது, எதைத் துடைப்பது? நமக்கு வகுப்பெடுத்தது யார்? பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அடைக்கலராஜ்! தோளில் கிடந்த துண்டை உருவி ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"கெட்டியாப் பிடிங்கண்ணே, விட்டுடாதீங்க. நான் இந்தப் பக்கம் திருகுறேன். துண்டு முறுக்கிக்குதா? ஸ்டியரிங் தண்டுக்கு நடுவுல இதே மாதிரி ஒரு சின்னக் கம்பி இருக்கு. மேல நம்ம கை திருப்புது, கீழ சக்கரம் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. நடுவுல கம்பி முறுகுது. எவ்வளவு முறுகுதுன்னு சென்சார் பார்த்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதையும் வண்டி வேகத்தையும் பார்த்து, இவ்வளவு தள்ளுன்னு மோட்டாருக்குச் சொல்லும். நின்ன இடத்துல திருப்பினா நிறையத் தள்ளும். வேகமாப் போனா கம்மியாத் தள்ளும். அவ்வளவுதாண்ணே, ஒரு மந்திரமும் இல்லை!"

அதோடு விட்டாரா? முக்கியமானதை அப்புறம்தான் சொன்னார். யாருமே தொடாத நிலை எது என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு நாம்தான் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஜீரோ செட்டிங். சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் ஒரு விரல்கூடப் படக்கூடாது. கை பட்டிருந்தால் அந்தக் கையின் பாரத்தையே 'யாரும் தொடவில்லை' என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு கையை எடுத்ததும், எதிர்ப்பக்கம் யாரோ திருப்புவதாக நினைத்து மோட்டார் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டியரிங் வேலை முடிந்தால் தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரை இரண்டு பேர் போய்வர வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து சீட் என்னுடையது. பதின்மூன்று வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருப்போம், எவ்வளவு சிரித்திருப்போம்!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அடைக்கலராஜ் பட்டறையிலிருந்து எடுத்துப்போன ஆனந்தவள்ளி டீச்சரின் கார், காவிரிப் பாலத்தில் இடப்பக்கம் இழுத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. டீச்சரின் மணிக்கட்டு முறிந்தது. மறுவாரம் சங்கக் கூட்டத்தில் அடைக்கலராஜ் எழுந்து, "ஜீரோ செட்டிங் நான்தான் போட்டேன். என் கைதான் பட்டிருக்கு. தப்பு என்னுதுங்க" என்றார். அவரிடம் யாரும் ஸ்டியரிங் வேலைக்கு வண்டி அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் பிரான்சியைப் பார்த்து, "உங்கப்பா தொட்ட வண்டி ஆத்துலதான் போய் விழும்" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அப்பாவிடம் அந்தப் பெண் எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். ரெங்கராஜ் அண்ணே, கையைக் காட்டாதீங்க, நேரமானால் ஆகட்டும்.

அன்று அடைக்கலராஜ் ஊரிலேயே இல்லை. ஒரு வண்டி பார்க்க உப்பிலியபுரம் போயிருந்தார். செட்டிங் போட்டவன் நான். டிரைவர் சீட்டில் ஏறினால் கை தானாக ஸ்டியரிங்குக்குப் போய்விடும். முப்பது வருஷப் பழக்கம்! வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து செட்டிங் போடும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை ஸ்டியரிங்கின் வலப்பக்கம் தொங்கவிட்டிருந்தேன். மழை வரும்போல இருந்தது. இரண்டு பேர் போக வேண்டிய ஓட்டத்துக்கு நான் ஒருவன்கூடப் போகவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மோதிய வண்டியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததுமே ஜீரோ தவறியிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "கை வெச்சிருந்தீங்களா, அண்ணே?"

"இல்லை" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அதைக் கேட்கவில்லை. மூத்தவனைச் சபையில் பொய்யன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் எழுந்து பழியை ஏற்றபோது நான் இரண்டாவது வரிசையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமே தனிக்கடை போட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வேலை செய்வது?

அதற்குப் பிறகும் தெரியாத்தனமாக எப்போதாவது அவரிடம் ஒரு வண்டி வரும். வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்புவார். பக்கத்து சீட்டில் ஸ்கேனர் பெட்டியை வைத்து, விழாமலிருக்க பெல்ட்டை மாட்டிவிடுவார். என் கடையைத் தாண்டும்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். நான் ஏதாவது ஒரு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஒன்பது வருஷம், தோழர்களே! சாலை அகலம் அறுபது அடி. அதை என்னால் தாண்ட முடியவில்லை.

டீச்சர், உங்கள் கையை முறித்தவன் நான். மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. தலைவர் அவர்களே, தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், இந்த மேடையிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை என் கடையை மூடுகிறேன். பிரான்சி சம்மதித்தால் அவள் அப்பாவின் பட்டறையைத் திறந்து, அவர் பெயரிலேயே வேலை செய்வேன். ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. உங்களில் யாராவது ஒருவர் என்னோடு பக்கத்து சீட்டில் வரவேண்டும். யாரும் வராவிட்டால் அதுவும் நியாயம்தான், பெட்டிக்கு பெல்ட் மாட்டிக்கொண்டு போகிறேன்.

பிரான்சி, உன் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அம்மா. அதற்கு நான் சொன்ன பொய்யோடுதான் அவர் போனார். இன்று உன் முன்னால் பதில் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

வெச்சிருந்தேன், அடைக்கலம். கை வெச்சிருந்தேன்.