கம்பளி காயப்போட்ட பைப்பு

— பதினெட்டாயிரத்து நானூத்தம்பது ரூவா, வீரமணி.

— வா மாது, வா. வந்ததும் வராததுமா கணக்கா? மொதல்ல ஒரு டீ குடி.

— டீ வேணாம்.

— பாரு, நாளைக்கு விடியறதுக்குள்ள வண்டிய லாரில ஏத்திக்கிட்டு கோயமுத்தூர் ரேஸுக்குக் கெளம்பணும். பிரேக் ஆயில் மாத்தணும், கதவுல நம்பர் ஒட்டணும், டயருக்குக் காத்து பாக்கணும். ஷெட்டுல நான் ஒருத்தன். வண்டிக்காரங்க எழிலரசி மேடம் இன்னிக்கு வர்றாங்க, பாக்கிப் பணம் குடுத்ததும் மொத வேலை உன் கூலிதான். சிம்பிள்.

— மூணு மாசமா அவங்க குடுக்கலைன்னுதான் சொல்ற.

— டென்ஷன் ஆவாத. இந்த வண்டியப் பாரு. காரிமங்கலத்துல எவன் ஷெட்டுலயாச்சும் இப்பிடி ஒண்ணு நின்னிருக்கா? ரெண்டே சீட்டு, மேல கூரையே கெடையாது. பஸ்ஸுல போறவன் எல்லாம் கழுத்த நீட்டிப் பாக்கறான். காலுக்கடில இருந்த கம்பளத்தை உரிச்சோம், ஒரு சீட்டைக் கழட்டுனோம், பாட்டுப்பொட்டிய எடுத்தோம், எம்பது கிலோ கொறைஞ்சிருக்கு. உள்ள நிக்கற இரும்புக் கூண்டு யாரு கட்டுனது? என் சிநேகிதன் மாது கட்டுனதுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கறேன்.

— அது கெடக்கட்டும். நான் இன்னிக்குப் பணம் கேக்க வரல.

— பின்ன வந்ததும் தொகையச் சொன்ன?

— எவ்ளோ பாக்கின்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கட்டும்னு சொன்னேன். இந்தச் சாக்கைப் பிரி.

— என்னடா இது இவ்ளோ நீளமா? முருங்கக்காயா?

— பிரிச்சுப் பாரு.

— பைப்பு. வளைஞ்ச பைப்பு. இதை எவன் இப்பிடி வளைச்சான்?

— சசிகலா வளைச்சா.

— உன் பொண்டாட்டியா? ஏன்டா, உன் முதுகுலயா போட்டா?

— சிரிக்காத. கூண்டு கட்டுனப்ப எட்டடி மிச்சமாச்சு. வூட்டுக்கு எடுத்துக்கறேன்னு கேட்டேன், நீயும் குடுத்த. வாசல்ல ரெண்டு கல்லுக்கம்பத்துக்கு நடுவுல துணி காயப்போட வெச்சிருந்தேன். நேத்து அவ நாலு கம்பளியத் தொவைச்சு ஈரத்தோட அதுல போட்டா. நான் உள்ள சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். டொம்முனு ஒரு சத்தம். வெளிய வந்து பாத்தா பைப்பு நடுவுல தொங்குது, கம்பளி மண்ணுல கெடக்குது.

— ஈரக் கம்பளின்னா கனம் இருக்கும்ல?

— நாலும் சேந்து ஒரு ஆளு கனம்னே வெச்சுக்க. இந்த வண்டி எத்தினி கிலோ?

— எதுக்குக் கேக்கற?

— எத்தினி கிலோ, வீரமணி?

— ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.

— இது கவுந்துச்சுன்னா ஓட்டற எழிலரசி பாப்பா தலைக்கும் தாரு ரோட்டுக்கும் நடுவுல இருக்கறது இந்தப் பைப்பு ஒண்ணுதான். இருந்த துணிக் கூரையையும் நீ கழட்டிட்ட.

— டேய், தனிப் பைப்பு வேற, கூண்டு வேற. அதுல நாலு பக்கமும் முட்டுக் குடுத்திருக்கு.

— முட்டும் இதே பைப்புதான். வெல்டிங் வெக்கறப்பவே என் கை சொல்லிச்சு, தகடு ரொம்ப மெல்லிசுன்னு. கரண்டைக் கொறைச்சு வெச்சாலும் ஓட்டை விழுந்துச்சு. முப்பது வருசமா இரும்பு ஒட்டறவன், எனக்குத் தெரியாதா? உன்கிட்ட வந்து கேட்டேன். என்ன சொன்ன?

— என்ன சொன்னேன்?

— இது வெளிநாட்டு இரும்பு, விமானத்துக்குப் போடறது, மெல்லிசா இருந்தாலும் நம்மூரு இரும்பை விட நாலு மடங்கு தாங்கும்னு சொன்ன.

— அப்பிடி ஒரு இரும்பு இருக்குடா! சத்தியமா இருக்கு!

— இருக்கட்டும். இது அது இல்ல. இந்த மொனையில ஒரு சீட்டு ஒட்டிருக்கு பாரு. நேத்து அதை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். தருமபுரியில ஒரு கடை பேரு. காலைல மொத பஸ்ஸுக்கு அங்க போயி காட்டுனேன். கடைக்காரரு சொல்றாரு, "எங்க பைப்புதான், பந்தலுக்கு நடறது. உங்க ஊரு வீரமணி வந்து மொத்தமா எடுத்துக்கிட்டுப் போனாரே, பந்தல் வாடகைக்கு விடறாரா?" மூணு மாசமா அந்தச் சீட்டு என் வாசல்லயே இருந்துச்சு. படிக்கக் கத்துக்கிட்டும் படிக்கல. நீ சொன்னதே போதும்னு இருந்துட்டேன்.

— சரி. உக்காரு. மறைக்கல. மேடம் பைப்புக்குன்னு குடுத்தது அறுவதாயிரம். அப்ப என் பொண்ணு கனிமொழிக்கு காலேஜ்ல பீஸ் கட்டக் கடைசி நாளு. ஒரு பொட்டப்புள்ளைய வெளிய நிக்க வெக்க முடியுமா? அங்க கட்டிட்டேன். கையில மிஞ்சுனதுக்கு இதுதான் வந்துச்சு.

— என்கிட்ட கேட்டிருந்தா கூலியே வேணாம்னு சொல்லிருப்பேன். உன் புள்ள எனக்கு யாரு?

— இப்ப என்ன பண்ணச் சொல்ற? கவுந்து போறவன் நூத்துல ஒருத்தன். அதுவும் இது பெரிய ரேஸ் இல்ல. மொத நாளு சும்மா ரவுண்டு ஓட்டறது, மறுநாள் போட்டி, எல்லாரும் ஆசைக்கு ஓட்டறவங்க. அந்தப் பொண்ணும் நிதானமாத்தான் ஓட்டுது.

— வண்டிய சோதிக்கறவங்க கூண்டுல சின்னதா ஓட்டை போட்டு பைப்புத் தகடு எத்தினி கனம்னு அளப்பாங்கன்னு நீதான சொன்ன?

— அது பெரிய போட்டியில. இங்க காயிதம் போதும். கூண்டு கட்டுனவன் கையெழுத்துப் போட்ட காயிதம்.

— நான் போட்ட காயிதம்.

— ஆமா. நீ போட்டது. அதனாலதான் சொல்றேன், நீயும் வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் உனக்கு நல்லது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அந்தக் காயிதத்துல என் பேரு கெடையாது மாது. உன் பேருதான் இருக்கு.

— மெரட்டறியா, வீரமணி?

— மெரட்டல. இருக்கறதைச் சொன்னேன்.

— அது இங்கிலீஷ்ல இருந்துச்சு. நீதான் படிச்சுச் சொன்ன. "வெல்டிங் வெச்சது நான்"னு மட்டும் இருக்குதுன்னு சொன்ன.

— கூட ரெண்டு மூணு வரி இருந்துச்சு.

— இருவது வருசத்துக்கு மேல நீதான் எனக்குப் படிச்சுச் சொன்ன வீரமணி. ஓசூர் பட்டறைக்குப் போறப்ப பஸ் போர்டைப் படிச்சு என்னை ஏத்தி விட்டது நீ. பேங்க் புக்கு, ரேஷன் கார்டு, எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப குடுத்த சீட்டு, எல்லாம் நீ. இன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப ஒவ்வொண்ணா நெனச்சுக்கிட்டு வந்தேன். அதையெல்லாம் சரியாத்தான் படிச்சியான்னு.

— டேய்! உங்கம்மா சீட்டையா மாத்திப் படிப்பேன்? என்னை அப்பிடியா நெனைக்கற?

— எப்பிடி நெனைக்கறதுன்னு தெரியல. அம்பது வயசுல ராமக்காள் டீச்சர்கிட்ட போயி அனா ஆவன்னா கத்துக்கிட்டது எதுக்கு? சும்மா சும்மா உன்னைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான். நோட்டுக்கு வெளிய நான் மொதமொதல்ல எழுதுனதே உன் காயிதத்துலதான். வூட்டுக்குப் போயி சொன்னேன். சசிகலா பாயாசம் வெச்சா.

— அதான் பாத்தனே. பேரு எழுதச் சொன்னா பத்திரம் எழுதற மாதிரி குனிஞ்சு உக்காந்த. உனக்கு வாங்குன டீ ஆடை கட்டிப் போச்சு. இந்தா, ஸ்கூட்டி சத்தம் கேக்குது, மேடம் வந்துட்டாங்க. மாது, உன் கால்ல வேணா விழறேன். நாளைக்கு ஒரு நாளு, நாளன்னிக்கு ஒரு நாளு. அப்பறம் நானே பிரிச்சு மாத்திடறேன். பேசாத.

— வணக்கம்ணா! அட, மாது அண்ணாவும் இருக்கீங்களா? சூப்பர். பதினேழாம் நம்பர் ஒட்டியாச்சா? ஹெல்மெட் கொண்டாந்துட்டேன், ஒரு தடவை உள்ள உக்காந்து பெல்ட் மாட்டிப் பாத்துடலாம். என்னண்ணா, ரெண்டு பேரும் எழவு வூட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?

— ஒண்ணுமில்ல மேடம். அவனுக்குக் கொஞ்சம் கூலி பாக்கி, அதான்.

— இன்னும் குடுக்கலியா? என்னண்ணா நீங்க! நான்தான் போன மாசமே உங்ககிட்ட முழுசா குடுத்துட்டேனே. மாது அண்ணா கூலின்னு தனியா வேற எழுதிக் குடுத்தேன்.

— அப்பிடியா, வீரமணி.

— அது வந்து, ஷெட்டு வாடகை…

— கெடக்கட்டும். எழிலரசி பாப்பா, நாளைக்குப் போவாத.

— ஏன்ணா? மூணு வருசம் சீட்டுக் கட்டி வாங்குன வண்டிண்ணா இது. ஆபீஸ்ல கெஞ்சி லீவு போட்டிருக்கேன். அப்பாகிட்ட மட்டும்தான் இன்னும் சொல்லல.

— நான் கட்டுன கூண்டு பந்தல் பைப்பு. இதோ, சாக்குல கெடக்கறதும் அதுதான். நாலு கம்பளிக்கு வளைஞ்சு போச்சு.

— விளையாடாதீங்க.

— ட்ரில்லிங் மிஷின் அந்த மூலைல இருக்குது. உன் தலைக்கு மேல வர்ற பைப்புல நீயே ஒரு ஓட்டை போட்டு, தகடு எத்தினி கனம்னு பாரு.

— வீரமணி அண்ணா? நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது பொய்தான?

— பாருங்க மேடம், பைப்பு கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான். ஆனா எனக்கென்ன தெரியும்? நான் இன்ஜின் பாக்கறவன். கட்டுனது அவன். பைப்பு சரியில்லன்னா வெல்டிங் வெக்கறவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சே கட்டிட்டான். கூலி லேட்டாவுதுன்னதும் வந்து எம்மேல போடறான். அவன் கையெழுத்துப் போட்ட காயிதம் உங்க பைல்லயே இருக்கு, எடுத்துப் பாருங்க.

— வீரமணி…

— என்னடா? இருக்குதா இல்லியா?

— இருங்க, கத்தாதீங்க. பைல் ஸ்கூட்டிலதான் இருக்கு… இதோ. இங்கிலீஷ்ல டைப் அடிச்சிருக்கு, தமிழ்ல சொல்றேன். "இந்தக் கூண்டுக்கு வெல்டிங் வைத்தது நான். பைப்பை நானே வாங்கினேன். தகட்டின் கனத்தை நானே அளந்து பார்த்தேன். இதனால் எது நடந்தாலும் நானே பொறுப்பு." கீழ மாதுன்னு கையெழுத்து. இப்பிடித்தாண்ணா இருக்கு.

— நானே பொறுப்புன்னா இருக்குது?

— ஆமாண்ணா.

— நான் சொன்னேன்ல மேடம்? இப்ப என்ன சொல்றான்னு கேளுங்க.

— ஒரு நிமிஷம். கையெழுத்துக்குக் கீழ பேனாவுல தமிழ்ல என்னமோ எழுதிருக்கே?

— அது அவன் அப்பன் பேரு, ஊரு பேரா இருக்கும் மேடம். அவன் எழுத்தை எவன் படிப்பான்?

— நான் படிக்கறேன். கோழி கிளறுன மாதிரி இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. "வெல்… வெல்டிங் மட்டும் நான் வெச்சேன். பைப்பு நான் வாங்கல. வீரமணி வாங்கி வந்தான். பைப்பைப் பத்தி எனக்குத் தெரியாது. நல்ல பைப்புன்னு சொன்னான். அவன் சொன்னா சரியா இருக்கும்." மாது அண்ணா, இதை எப்ப எழுதுனீங்க?

— அன்னிக்கேதான் பாப்பா, டீ ஆடை கட்டற வரைக்கும் இதைத்தான் எழுதுனேன். சந்தேகப்பட்டு எழுதல. காயிதத்துல நமக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதணும்னு டீச்சர் சொல்லுவாங்க. அதுவும் இல்லாம, வெறும் பேரை மட்டும் எழுதிட்டு எந்திரிக்க மனசு வரல. கீழ எடம் நெறைய இருந்துச்சு.

— மூணு மாசமா என் பைல்லயே இருந்திருக்கு. கோயமுத்தூருக்கு அனுப்பப் போட்டோ கூட எடுத்தேன். நான் படிக்கவே இல்ல.

— யாரும் படிக்கலதான்.

— மாது. டேய், இந்தா. டயர் வாங்கப் பொட்டில வெச்சிருந்த பணம். பதினெட்டாயிரத்து நானூத்தம்பது இருக்கு, எண்ணிப் பாத்துக்க. மேடம், உங்க பைப்புப் பணத்தையும் எப்பிடியாச்சும் பொரட்டிக் குடுத்துடறேன். என்னைப் பாத்துப் பேசுடா.

— கட்டிங் மிஷின் எங்க?

— எதுக்கு?

— பிளக்கை மாட்டு. பாப்பா, வண்டி உன்னுது, நீ சொன்னாத்தான் கை வெப்பேன். நான் வெச்ச ஜாயிண்டு அத்தினியும் அறுத்து எடுத்துடட்டுமா?

— எடுத்துடுங்கண்ணா. நான் எங்கயும் போவல.

— அப்பறம் நல்ல பைப்பா வாங்கி, நல்ல ஆளா பாத்துக் கட்டிக்க. தள்ளி நில்லு, பொறி பறக்கும்.

— மொதல்ல பணத்தைப் புடிடா!

— எதுக்குக் கூலி? கூண்டே இல்லாமப் போவப் போவுது. செஞ்ச வேலை இல்லைன்னு ஆயிட்டா, நீ எனக்குத் தர வேண்டியதும் இல்ல. அந்தப் பதினெட்டாயிரத்து நானூத்தம்பது தீந்துச்சு. பாப்பாவுக்குக் குடு, அவ பைப்பு வாங்கட்டும்.

— மாது, நாம இன்னிக்கு நேத்து பழகுனவங்களா?

— பாப்பா, மிஷினைப் போடறதுக்கு முன்னால ஒண்ணு. அந்தக் காயிதத்தையும் ஒரு பேனாவையும் குடு.

— இந்தாங்கண்ணா. இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?

— இல்ல. நான் எழுதுனதுல கடைசி வரிய மட்டும் அடிச்சுடறேன்.